ஆன் ஃபிராங்க்: ஒளிந்து வாழ்ந்த நாட்களும் எழுதிய நாட்குறிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைக் கையில் எடுக்கும் பிள்ளைகளும், அதை அவர்களுக்கு அறிமுகப்படுத்தும் பெற்றோரும் ஆசிரியர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகளை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் யாரும் அதிகம் கேட்பதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. எட்டுப் பேரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒளித்து வைக்க அன்றாடம் எவ்வளவு வேலை நடந்தது என்பது ஒன்று. அந்தச் சிறுமி எவ்வளவு கருத்தாக எழுதினாள், அடித்தாள், திருத்தினாள் என்பது மற்றொன்று. அந்த இடங்களில் விடைகள் கொஞ்சம் நீளும்.

ஆன் ஃபிராங்க் யார்?

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1929 ஜூன் 12 அன்று பிறந்த யூதச் சிறுமி. அப்பா ஓட்டோ, அம்மா ஈடித், மூன்று வயது மூத்த அக்கா மார்கோட். நாஜிகளிடம் அகப்படாமல் இருக்க இந்தக் குடும்பம் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்கட்டில் ஒளிந்து வாழ்ந்தது. அந்த நாட்களில் ஆன் எழுதிய நாட்குறிப்புதான் இன்று 70க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. அவள் 1945இன் தொடக்கத்தில், பதினைந்து வயதில், பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள்.

ஜெர்மனியில் பிறந்தவள் நெதர்லாந்துக்கு எப்படி வந்தாள்?

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஓட்டோ ஃபிராங்க் முதல் உலகப் போரில் ஜெர்மானிய ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்தவர். அப்படிப்பட்டவரும் இனி இந்த நாட்டில் பிள்ளைகளை வளர்க்க முடியாது என்று அந்த ஆண்டிலேயே முடிவெடுத்துவிட்டார். ஜாம் இறுகுவதற்குச் சேர்க்கும் பெக்டின் விற்கும் ஓபெக்டா நிறுவனத்தின் கிளையை ஆம்ஸ்டர்டாமில் தொடங்கினார். 1934 பிப்ரவரியில் ஆன் வந்து சேர்ந்தாள். புதிய மொழியைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு அதிக காலம் ஆகவில்லை. நாட்குறிப்பை அவள் எழுதியது டச்சு மொழியில்தான்.

1940 மே 10 அன்று ஜெர்மனி நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ஐந்து நாட்களில் நாடு சரணடைந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தடைகள் வந்தன. யூதப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்றார்கள். சினிமா கொட்டகை, நீச்சல் குளம், பூங்கா, டிராம் எதற்கும் போகக் கூடாது என்றார்கள். 1942 மே முதல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சைக்கிளையும் பிடுங்கிக்கொண்டார்கள். இரவு 8 மணிக்குமேல் வாசலில்கூட நிற்க முடியாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாமல் படிப்படியாகச் செய்ததால், ஒவ்வொரு படியிலும் 'சரி, இதோடு நின்றுவிடும்' என்று நம்ப இடம் இருந்தது.

ஒளிவதற்குப் பதில் வேறு நாட்டுக்குப் போயிருக்கலாமே?

முயற்சி செய்தார்கள், ஒருமுறைக்கு மேலேயே. ஓட்டோ 1938இல் ராட்டர்டாமிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பித்தார். 1940 மே மாதக் குண்டுவீச்சில் அந்த விண்ணப்பங்கள் எரிந்துபோயின. 1941 ஏப்ரலில் அமெரிக்காவில் செல்வாக்குள்ள தன் பழைய நண்பர் நேதன் ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஏற்பாடு நகர்வதற்குள், ஜூலையில் ஜெர்மனியின் பிடியிலிருந்த நாடுகளில் அமெரிக்கத் தூதரகங்கள் மூடப்பட்டன. கியூபாவுக்கு விசா கேட்டார். டிசம்பர் 1 அன்று அவர் ஒருவருக்கு மட்டும் கிடைத்தது. பத்து நாள் கழித்து ஜெர்மனி அமெரிக்காவின் மீது போர் அறிவித்தது, அதுவும் ரத்தானது.

'ஏன் ஓடவில்லை' என்று கேட்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ஓடுவதற்கு இன்னொரு நாட்டின் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஒளிந்தே ஆக வேண்டிய நாள் எப்படி வந்தது?

1942 ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை. பதினாறு வயது மார்கோட்டின் பெயருக்கு ஓர் ஆணை வந்தது. ஜெர்மனியில் 'வேலைக்கு' வந்து சேர வேண்டுமாம். பின்கட்டை ஓட்டோ பல வாரங்களாகவே தயார் செய்துகொண்டிருந்தார். அந்த மாத நடுவில் போவதாகத்தான் திட்டம். ஆணை வந்ததும் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள்.

மூட்டை முடிச்சோடு நடக்கும் யூதக் குடும்பத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அதனால் ஜூலை மாதத்தில், உள்ளாடைக்கு மேல் உள்ளாடை, கவுனுக்கு மேல் பாவாடை, அதன்மேல் கோட்டு என்று அடுக்கடுக்காக உடுத்திக்கொண்டார்கள். மார்கோட், ஒப்படைக்காமல் வைத்திருந்த சைக்கிளில், அலுவலக ஊழியர் மீப் கீஸ் துணையோடு முன்னால் போனாள். மற்ற மூவரும் கொட்டும் மழையில் நடந்தே போனார்கள். பள்ளிப் பையில் ஆன் முதலில் எடுத்து வைத்தது நாட்குறிப்பைத்தான். அப்புறம்தான் கூந்தல் சுருட்டிகள், கைக்குட்டைகள், பாடப் புத்தகங்கள், சீப்பு, பழைய கடிதங்கள். மோர்ட்யே என்ற பூனையை அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு வந்தாள். அந்தப் பூனையின் நினைவு அவள் எழுத்தில் பின்னாலும் வந்து வந்து போகும்.

அந்த மறைவிடம் எப்படி இருந்தது?

முகவரி: பிரின்சன்கிராக்ட் 263. கால்வாய் ஓரத்தில் வரிசையாக நிற்கும் உயரமான, குறுகலான கட்டடங்களில் ஒன்று. தரைத்தளத்தில் மசாலாப் பொருட்களின் கிடங்கு, அதற்கு மேல் ஓட்டோவின் அலுவலகம். ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகள் பலவற்றுக்கும் இருப்பதுபோல இதற்கும் ஒரு பின்கட்டு உண்டு. அதன் மேல்தளங்கள்தான் மறைவிடம். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஓர் அறையில் ஓட்டோ, ஈடித், மார்கோட். பக்கத்திலிருந்த குறுகலான அறை ஆனுக்கு. மேல்தளத்தில் ஹெர்மன் வான் பெல்ஸும் அவர் மனைவி அகுஸ்டாவும் தூங்கிய அறைதான் எட்டுப் பேருக்கும் சமையலறை, சாப்பாட்டு அறை, கூடம் எல்லாமே. அவர்களுடைய மகன் பேட்டருக்குப் படிக்கட்டு வழியாகப் போகும் ஒரு சின்ன அறை. அதற்கும் மேலே தானியங்களும் உருளைக்கிழங்கும் வைக்கும் பரண். வான் பெல்ஸ் குடும்பம் 1942 ஜூலை 13 அன்று வந்தது. நவம்பரில் ஃபிரிட்ஸ் ஃபெஃபர் என்ற பல் மருத்துவர் எட்டாவது ஆளாக வந்து, ஆனின் அறையில் தங்கினார். பதிமூன்று வயதுப் பெண்ணும் ஐம்பதுகளில் இருந்த மனிதரும் ஒரே அறையில் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் புத்தக அலமாரி உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒளித்துவைத்த சைக்கிள்களைத் தேடி வீடுகளைச் சோதனை போடுகிறார்கள் என்று தெரிந்ததும், பின்கட்டின் நுழைவாசலை மறைக்க 1942 ஆகஸ்டில் செய்தது. செய்தவர் யோஹான் வோஸ்குய்ல். கிடங்கில் வேலை பார்த்தவர், விஷயம் தெரிந்த ஒருவர். கோப்புகள் அடுக்கிய சாதாரண அலமாரி மாதிரிதான் தெரியும். கீல் வைத்திருந்ததால் கதவுபோல் திறக்கும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 6.45க்கு அலாரம். முறைவைத்துக் குளியலறைக்குப் போய்வர வேண்டும். கீழே 8.30க்குக் கிடங்கு ஆட்கள் வேலைக்கு வந்துவிடுவார்கள். மேலே ஆட்கள் ஒளிந்திருப்பது யோஹானைத் தவிர அவர்களில் யாருக்கும் தெரியாது. அதற்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றி, வேண்டிய தண்ணீரைப் பிடித்து, உட்கார்ந்துவிட வேண்டும். அலுவலக ஊழியர்கள் 9 மணிக்கு வரும்வரை உள்ள அந்த அரை மணி நேரம்தான் மிக ஆபத்தானது. காலியாக இருக்க வேண்டிய மாடியில் பலகை முனகினால் யார் என்று கேள்வி வரும். 9 மணிக்குப் பிறகு ஏதாவது சின்னச் சத்தம் கேட்டாலும் அலுவலகத்து ஆட்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பகலில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற முடியாது. குழாயைத் திறக்க முடியாது. இருமல் வந்தால் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை கீழே குழாய் பழுதுபார்க்கும் ஆள் வந்து வேலை செய்தபோது நாள் முழுக்கத் தண்ணீரும் இல்லை, கழிப்பறையும் இல்லை. கண்ணாடி ஜாடிகளில் சமாளித்தார்கள். ஆனால் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் அதைவிடக் கஷ்டம் என்று ஆன் எழுதுகிறாள். வாயாடி என்பதற்காகப் பள்ளியில் தண்டனைக் கட்டுரை எழுதிய பெண் அவள்.

மதியம் 12.30க்குக் கிடங்கு ஆட்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். உடனே பின்கட்டில் உயிர் வந்துவிடும். உதவியாளர்கள் மேலே வருவார்கள், சூப், ஊர்ச் செய்தி, 1 மணிக்கு பிபிசி வானொலி. முக்கால் மணி நேரத்தில் மறுபடியும் அமைதி. பெரியவர்கள் தூங்கும் நேரத்தை ஆன் படிக்கவும் எழுதவும் வைத்துக்கொண்டாள். மாலை 5.30க்குக் கிடங்கு மூடிய பிறகு கட்டடம் முழுக்க அவர்களுடையது.

குளியல் ஒரு தகரத் தொட்டியில். ஆளுக்கொரு இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஆனும் மார்கோட்டும் சனிக்கிழமை பிற்பகல் முன்பக்க அலுவலகத்தில், திரையை இழுத்துவிட்டு, அரை இருட்டில் குளிப்பார்கள். ஒருத்தி குளிக்கும்போது மற்றவள் திரைச்சீலையின் இடுக்கு வழியாகத் தெருவில் போகிற வருகிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவ்வளவுக்கும் நடுவில் படிப்பு நிற்கவில்லை. சுருக்கெழுத்து, பிரெஞ்சு, கணக்கு, வரலாறு என்று கால அட்டவணை போட்டுப் படித்தார்கள். மார்கோட் லத்தீன் மொழியை அஞ்சல் வழியில் படித்தாள். விடைத்தாள்கள் அலுவலக ஊழியர் பெப் வோஸ்குய்லின் பெயரில் போய்வந்தன. வெளியே வந்ததும் பள்ளியில் பின்தங்கிவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை.

சாப்பாடு எங்கிருந்து வந்தது? காசுக்கு என்ன செய்தார்கள்?

போர்க்காலம், எல்லாமே ரேஷன். ஒளிந்திருப்பவர் ரேஷன் கார்டுக்கு மனு போட முடியுமா? மீப்பின் கணவர் யான் கீஸ் எதிர்ப்பு இயக்கத் தொடர்புகள் வழியாகக் கள்ளக் கார்டுகள் ஏற்பாடு செய்தார். ரொட்டி, நிறுவனத்தைச் சேர்ந்த யோஹன்னஸ் க்ளைமனுக்குத் தெரிந்த பேக்கரிக்காரரிடமிருந்து. காய்கறி, பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த ஹென்ட்ரிக் வான் ஹூவேயிடமிருந்து. இவ்வளவு காய் எதற்கு என்று அவர் மீப்பிடம் கேட்டதே இல்லை. 1944 மே மாதம், தன் வீட்டில் இரண்டு யூதர்களை ஒளித்து வைத்திருந்ததற்காக அவரே பிடிபட்டார். அன்றிலிருந்து பின்கட்டில் காலைச் சாப்பாடு நின்றுபோனது.

ஒரு காய் மலிவாகக் கிடைத்தால் வாரக்கணக்கில் அதேதான். உருளைக்கிழங்கு மூன்று வேளையும். 1942 நவம்பரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பேட்டர் பீன்ஸ் மூட்டைகளைப் பரணுக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு மூட்டை தையல் பிரிந்து, பீன்ஸ் மொத்தமும் படிக்கட்டில் கொட்டியது. கீழே நின்றிருந்த ஆனின் கணுக்கால்வரை பீன்ஸ். அந்தச் சத்தத்தில் வீடே இடிந்துவிட்டது என்று கீழே இருந்தவர்கள் பதறிவிட்டார்கள். கட்டடத்தில் அந்நேரம் வெளியாள் யாரும் இல்லாததால் பிழைத்தார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. இடுக்குகளில் போன பீன்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருந்தது.

காசு விஷயம்: யூதர்கள் தொழில் நடத்தக் கூடாது என்ற ஆணை வந்தபோது ஓட்டோ நிறுவனத்தைக் காகித அளவில் க்ளைமனுக்கும் விக்டர் குக்லருக்கும் மாற்றியிருந்தார். அதன் வருமானம் ஓரளவு கைகொடுத்தது. வான் பெல்ஸ் குடும்பத்தின் கையிருப்பு 1943இல் கரைந்துவிட்டது. அகுஸ்டாவின் ரோமக் கோட்டை விற்க வேண்டி வந்தது. அந்தப் பணத்தைத் தனக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனைவியும், வீட்டுச் செலவுக்கு வேண்டும் என்று கணவரும் போட்ட சண்டையை ஆன் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள்.

உதவியவர்கள் யார்?

முன்வரிசையில் ஐந்து பேர்: மீப் கீஸ், அவர் கணவர் யான், விக்டர் குக்லர், யோஹன்னஸ் க்ளைமன், பெப் வோஸ்குய்ல். அலமாரி செய்த யோஹான், பெப்பின் அப்பா. யான் தவிர மற்றவர்கள் எல்லோரும் அதே கட்டடத்தில் ஓட்டோவிடம் வேலை பார்த்தவர்கள்.

மீப்பைப் பற்றிக் கொஞ்சம். வியன்னாவில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பிறகு பசியால் மெலிந்த ஆஸ்திரியக் குழந்தைகளை டச்சுக் குடும்பங்கள் வரவழைத்து வளர்த்தபோது, பதினொரு வயதில் அப்படி வந்து சேர்ந்தவர். ஒளிய வேண்டியிருக்கிறது, உதவ முடியுமா என்று ஓட்டோ கேட்டபோது மறுபேச்சில்லாமல் சரி என்றார். தினமும் கடை கடையாக ஏறி இறங்கினார். சனிக்கிழமைதோறும் நூலகப் புத்தகங்கள் வந்தன. பிறந்தநாள்களை யாரும் மறக்கவில்லை. குக்லர் வாராவாரம் ஆனுக்கு ஒரு சினிமா பத்திரிகை வாங்கி வந்தார். இத்தனைக்கும் மீப்பும் யானும் தங்கள் வீட்டிலேயே ஒரு மாணவரையும் ஒளித்து வைத்திருந்தார்கள்!

பிடிபட்டால் சிறை, முகாம். அது தெரிந்தும் இரண்டு ஆண்டுகள் அலுவலகத்தில் சாதாரண முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். க்ளைமனுக்கு வயிற்றுப் புண் வந்து வந்து தொந்தரவு செய்தது. மீப் கீஸ் 2010இல், நூறாவது வயதில் காலமானார். தான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எட்டுப் பேரும் ஒற்றுமையாக இருந்தார்களா?

இல்லை. வெண்ணெய்க்குச் சண்டை, போர்வைக்குச் சண்டை, பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சண்டை. ஃபெஃபரோடு பங்குபோட்ட அறையில் ஒரு சின்ன மேசை இருந்தது. வாரத்தில் இரண்டு பிற்பகல் அதில் உட்கார்ந்து எழுத ஆன் இடம் கேட்டாள். தன் வேலைதான் முக்கியம் என்று அவர் மறுத்துவிட்டார். ஓட்டோ நடுவில் புகுந்து பேசி வாங்கிக் கொடுத்தார்.

ஆன் எல்லோரையும் கூர்மையாகக் கிழித்து எழுதுவாள், அம்மாவை அதிகமாகவே. ஆனால் 1944 ஜனவரியில் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது, அம்மாவைப் பற்றி இவ்வளவு கோபமாகவா எழுதினேன் என்று அவளுக்கே திக்கென்றது. ஃபெஃபரும் ஈடித்தும் தங்கள் தரப்பைச் சொல்ல ஒரு பக்கமும் விட்டுச் செல்லவில்லை என்பதைப் படிக்கும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாட்குறிப்பில் வரும் 'கிட்டி' யார்?

ஆன் கற்பனையில் வைத்துக்கொண்ட தோழி. 13வது பிறந்தநாளுக்குக் கிடைத்த சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நோட்டில்தான் எழுதத் தொடங்கினாள். அது நிரம்பியதும் வேறு நோட்டுகள். 1942 டிசம்பர் முதல் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கான மூல நோட்டுகள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தை அவள் பின்னால் திருத்தி எழுதிய படியிலிருந்துதான் நாம் படிக்கிறோம்.

வெளியிடும் எண்ணத்தோடு எழுதினாளா?

தொடக்கத்தில் இல்லை. 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து ஒலிபரப்பான ரேடியோ ஒரான்யேவில், நாடுகடந்த டச்சு அரசின் அமைச்சர் கெரிட் போல்கஸ்டைன் பேசினார். போர் முடிந்ததும் மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் திரட்டப்போகிறோம், பத்திரப்படுத்துங்கள் என்றார். பின்கட்டில் எல்லோருடைய பார்வையும் ஆனின் பக்கம் திரும்பியது.

1944 மே 20 முதல் அவள் உட்கார்ந்து முழுவதையும் திருப்பி எழுதத் தொடங்கினாள். அலுவலகத்தில் கிடைத்த மெல்லிய தாள்களில், பத்தே வாரங்களில், 200க்கும் மேற்பட்ட தாள்கள். புத்தகத்துக்குப் 'பின்கட்டு' என்று பெயர் வைத்தாள். பாத்திரங்களுக்கு மாற்றுப் பெயர்ப் பட்டியல் போட்டாள். வான் பெல்ஸ் வான் டான் ஆனார், ஃபெஃபர் டுஸ்ஸல் ஆனார். பதிமூன்று வயதில் எழுதிய வளவளப்பை வெட்டினாள், இரண்டு நாள் குறிப்புகளை ஒன்றாக்கினாள், காட்சிகளுக்கு முன்கதை சேர்த்தாள். பேட்டரோடு ஏற்பட்ட காதலைப் பற்றிய பகுதிகளில் பெரும்பாலானவற்றைத் தானே விட்டுவிட்டாள். பத்திரிகையாளராக வேண்டும், அப்புறம் எழுத்தாளராக வேண்டும் என்று அந்த வசந்தத்தில் தெளிவாகவே எழுதுகிறாள். இதைத் தவிரச் சிறுகதைகளும் எழுதினாள்.

அந்த எழுத்தை அவள் எப்படி மதித்தாள் என்பதற்கு ஓர் இரவு போதும். 1944 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. கிடங்கில் திருடர்கள் புகுந்தார்கள். காவலர்கள் வந்து கட்டடத்தைச் சோதித்தார்கள். அலமாரியைப் பிடித்து உலுக்கினார்கள். எட்டுப் பேரும் விளக்கில்லாமல், கழிப்பறைக்குப் பதில் ஒரு தகரக் குப்பைக்கூடையை வைத்துக்கொண்டு, விடியும்வரை தரையில் கிடந்தார்கள். பிடிபட்டால் உதவியவர்களும் மாட்டுவார்களே என்று, நாட்குறிப்பை எரித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. அது போனால் நானும் போகிறேன் என்றாள் ஆன்.

அதனால்தான் இதை ஏதோ ஒரு சிறுமியின் மன ஓட்டம் என்று சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரும் எப்படிப் பரிமாறிக்கொள்கிறார், எதற்கு முகம் சுளிக்கிறார் என்று அவள் எழுதிய பக்கங்களைப் பாருங்கள். திட்டமிட்டுச் செதுக்கியது தெரியும்.

யார் காட்டிக் கொடுத்தது?

உறுதியான விடை இன்றுவரை கிடையாது. 1948இலும் 1963இலும் விசாரணைகள் நடந்தன. கிடங்கு ஊழியர் ஒருவர் மீது சந்தேகம் இருந்தது, நிரூபணம் ஆகவில்லை. ரேஷன் கார்டு மோசடியைத் தேடி வந்தவர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்திருக்கலாம் என்று ஆன் ஃபிராங்க் இல்லத்தின் 2016 ஆய்வு சொன்னது. 2022இல் ஓர் ஆய்வுக் குழு யூத நோட்டரி ஒருவர்தான் என்று அறிவித்துப் பெரிய பரபரப்பானது. சான்று போதாது என்று டச்சு வரலாற்றாசிரியர்கள் மறுத்தார்கள், நெதர்லாந்துப் பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. சமூக ஊடகத்தில் அந்தப் பெயரை இன்னும் பகிர்கிறார்கள். செத்துப்போன மனிதர் மீது ஆதாரமில்லாத பழி, தயவுசெய்து பகிராதீர்கள்.

பிடிபட்ட பிறகு நாட்குறிப்பு மட்டும் எப்படித் தப்பியது?

1944 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை காலை. நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி கார்ல் சில்பர்பவர் டச்சுக் காவலர்களோடு வந்தார். நகை, பணத்தைப் போட்டுக்கொள்ள ஒரு பை தேவைப்பட்டது. அங்கே கிடந்த தோல்பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினார். தரையில் விழுந்தவை ஆனின் நோட்டுகளும் தாள்களும். அன்றே மீப்பும் பெப்பும் மேலே போய்ப் பொறுக்கி எடுத்தார்கள். மீப் அவற்றை மேசை இழுப்பறையில் வைத்தார், படிக்கவில்லை. படித்திருந்தால் எரித்திருப்பேன் என்று பின்னால் சொன்னார். உதவிய எல்லோருடைய பெயர்களும் அதில் இருந்தன. சில நாள் கழித்து சில்பர்பவரின் அலுவலகத்துக்கே போய், லஞ்சம் கொடுத்தாவது எட்டுப் பேரை மீட்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தவரும் இதே மீப்தான். முடியவில்லை.

எட்டுப் பேருக்கும் என்ன ஆயிற்று?

நெதர்லாந்திலிருந்த வெஸ்டர்போர்க் முகாம் வழியாக, செப்டம்பர் 3 அன்று மொத்தம் 1,019 பேர் ஏற்றப்பட்ட ரயிலில், போலந்திலிருந்த நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். வெஸ்டர்போர்க்கிலிருந்து ஆஷ்விட்சுக்குக் கிளம்பிய கடைசி ரயில் அது. ஹெர்மன் வான் பெல்ஸ் விஷவாயு அறையில் கொல்லப்பட்டார். ஃபெஃபர் டிசம்பரில் நோயங்கம்மே முகாமில் இறந்தார். ஈடித் 1945 ஜனவரி 6 அன்று ஆஷ்விட்சில் இறந்தார். அகுஸ்டா ஏப்ரலில், இன்னொரு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில். பேட்டர் மவுட்ஹவுசனில், விடுதலை வந்த அந்த மே மாதத்தில்.

ஆனும் மார்கோட்டும் பெர்கன்-பெல்சனுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அங்கே பள்ளித் தோழி ஹன்னா கோஸ்லர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பெற்றோர் இருவருமே இறந்துவிட்டார்கள் என்றுதான் ஆன் நினைத்துக்கொண்டிருந்தாள். ஹன்னா வேலிக்கு மேலாக எறிந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை வேறொருத்தி பிடுங்கிக்கொண்டாள். மறுமுறை எறிந்தது ஆனின் கைக்குக் கிடைத்தது. அக்காவும் தங்கையும் டைஃபஸ் காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்தார்கள். பிப்ரவரியாக இருக்கலாம் என்கின்றன பிந்தைய ஆய்வுகள். ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை அந்த முகாமை விடுவித்தது.

திரும்பி வந்தவர் ஓட்டோ ஒருவர்தான். குக்லரும் க்ளைமனும் கைதானாலும் உயிர் தப்பினார்கள்.

அப்பா நாட்குறிப்பைத் திருத்திவிட்டாரா?

மகள்கள் இறந்த செய்தி 1945 ஜூலையில் உறுதியானது. அதன் பிறகே மீப் தாள்களை ஓட்டோவிடம் கொடுத்தார். அவர் மூல நோட்டுகளையும் ஆன் திருத்திய படியையும் சேர்த்து ஒரு பிரதி தயாரித்தார். அம்மாவைப் பற்றிய சில கடுமையான வரிகளையும் உடல் வளர்ச்சி குறித்த சில பகுதிகளையும் விட்டார். பதிப்பகங்கள் தயங்கின. வரலாற்றாசிரியர் யான் ரோமைன் 1946 ஏப்ரலில் நாளிதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகே வழி திறந்தது. 1947 ஜூன் 25 அன்று 3,036 பிரதிகள் அச்சாயின. விடுபட்டவை பின்வந்த பதிப்புகளில் சேர்ந்துவிட்டன. தொகுத்தார், வெட்டினார் என்பது உண்மை. எழுதியவள் ஆன்.

நாட்குறிப்பே போலி, பால்பாயின்ட் பேனாவில் எழுதியது என்கிறார்களே?

பொய். போருக்குப் பிறகு கையெழுத்தை ஆராய்ந்த ஒருவர் தாள்களுக்கிடையே விட்ட இரண்டு துண்டுச் சீட்டுகள்தான் பால்பாயின்டில் எழுதியவை. அதைப் பிடித்துக்கொண்டு கட்டிய கதை இது. நெதர்லாந்துத் தடயவியல் ஆய்வகம் காகிதம், மை, கையெழுத்து எல்லாவற்றையும் சோதித்தது. முடிவுகள் 1986இல் மூன்று படிகளையும் அருகருகே வைத்த ஆய்வுப் பதிப்பாக வந்தன. சில்பர்பவரே 1963இல் வியன்னாவில் கண்டுபிடிக்கப்பட்டபோது கைது செய்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

'மனிதர்கள் உள்ளத்தில் நல்லவர்களே' என்று அவள் எழுதியது உண்மையா?

அந்தப் பொருளில் எழுதினாள், 1944 ஜூலை 15 அன்று. ஆனால் அந்த வரியை மட்டும் வெட்டிச் சுவரொட்டியில் போடுவது சரியில்லை. அதற்கு அடுத்தாற்போலவே, உலகம் பாலைவனமாக மாறிவருவதையும், தங்களையும் அழிக்க வரும் இடி நெருங்குவது கேட்பதையும் எழுதுகிறாள். அவள் ஆஷ்விட்சைப் பார்ப்பதற்கு முன்பு எழுதிய பக்கம் அது. முழுப் பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒளிந்திருந்த யூதர்கள் எல்லோருக்கும் இதே அனுபவம்தானா?

இல்லை, ஃபிராங்க் குடும்பம் விதிவிலக்கு. நெதர்லாந்தில் இருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் 1,00,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 25,000க்கும் மேற்பட்டோர் ஒளிந்தனர், அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தனர். ஆனால் குடும்பமாக, ஒரே இடத்தில், தெரிந்தவர்களின் பராமரிப்பில் இருக்கும் வாய்ப்பு வெகு சிலருக்கே. குழந்தைகளைப் பிரித்து, பெயரை மாற்றி, முன்பின் தெரியாத விவசாயக் குடும்பங்களில் விட்டார்கள். பலர் பத்து இடம் மாறினார்கள். யூதரைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு ஏழரை கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) என்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு கும்பல் கூலிக்கு வேட்டையாடிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டைப் பார்க்க முடியுமா?

1960 மே 3 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அறைகள் காலியாக இருக்கும். கைதுக்குப் பிறகு சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அப்படியே இருக்கட்டும் என்று ஓட்டோ விரும்பினார். சுவரில் ஆன் ஒட்டிய சினிமா நட்சத்திரங்களின் படங்கள், நேச நாட்டுப் படைகள் முன்னேறுவதைக் குறிக்க ஓட்டோ ஊசி குத்தி வைத்த நார்மண்டி வரைபடம், பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் எல்லாம் இருக்கின்றன. ஒளிந்திருந்த காலத்தில் ஆன் 13 சென்டிமீட்டர் வளர்ந்தாள். நுழைவுச்சீட்டு இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும், நேரில் போய் நின்றால் கிடைக்காது.

எந்த வயதில் படிக்கக் கொடுக்கலாம்?

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் தாராளமாகக் கொடுக்கலாம். உடல் மாற்றங்கள், மாதவிடாய், காதல் எல்லாம் வரும். அதற்காகச் சுருக்கப் பதிப்பைத் தேடாதீர்கள், முழுப் பதிப்பையே கொடுங்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு அவை அந்நியமான விஷயங்கள் கிடையாது. முகாம்களில் அவள் பட்டது எதுவும் நாட்குறிப்பில் இருக்காது. 1944 ஆகஸ்ட் 1 அன்று குறிப்புகள் நின்றுவிடுகின்றன. பிள்ளை கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கும். அதற்கு நீங்கள் பக்கத்தில் இருந்து பதில் சொல்லுங்கள்.